ஊர்காப்பாளர் சொன்ன கதை: தமிழ்க் குற்றப்புனைவும் காவல் நிலையத்தின் எழுத்தும்

பிரம்மதேசம் என்ற பெயருடைய ஊர்கள் தமிழகத்தில் பல உள்ளன. கல்வெட்டு ஆய்வாளர்க்கு அப்பெயர் பிரமதேயத்தையும் சபையையும் பாடிகாவலையும் நினைவூட்டும். மரக்காணத்திலிருந்து திண்டிவனம் செல்லும் வழியில் உள்ள பிரம்மதேசம், நாளிதழ் படிப்பவர்க்கு வேறொன்றை நினைவூட்டுகிறது. ‘பிரம்மதேசம் போலீசார் வழக்குப் பதிந்து விசாரிக்கின்றனர்’ என்று முடியும் செய்திகளின் வழியாகவே அவ்வூர்ப் பெயர் வெளியுலகுக்கு அறிமுகமாகியிருக்கிறது. ஓர் ஊரின் பெயர் காவல் நிலையத்தின் பெயராகவே வாசகர் மனத்தில் பதிவது நம் காலத்தின் வழக்கு. சாத்தான்குளமும் கம்மாபுரமும் அவ்வாறே பதிந்தன.

இப்பகுதியின் இயல்பைச் சிறிது சொல்லவேண்டும். கிழக்கே உப்பளங்கள், தெற்கே கழுவேலிச் சதுப்பு நிலம், அதற்கும் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு மணி நேரப் பயணத்தில், வேறு ஆட்சியும் வேறு கலால் வரியும் உடைய புதுச்சேரி. சிறுபாணாற்றுப்படை குறிக்கும் எயிற்பட்டினத்தை மரக்காணத்தோடு பொருத்திக் காண்பது ஆய்வாளரிடையே பரவலான கருத்து. அப்பழம்பாட்டின் நெய்தல் வழியில் உமணரின் உப்பு வண்டிகள் சென்றன. இன்றைய வழியில் உப்பு லாரிகளோடு புதுச்சேரி மதுவும் வருகிறது. எல்லையின் இருபுறமும் விலை வேறுபடும்வரை அது வந்துகொண்டுதான் இருக்கும். எனவே இக்கரையோரக் காவலரின் அன்றாடத்தில் பெரும்பங்கு மதுவைச் சுற்றியே அமைகிறது.

2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம் என்னும் மீனவர் குடியிருப்பில் நச்சுச் சாராயம் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்கள் குடித்தது வழக்கமாகக் காய்ச்சப்படும் சாராயமன்று. தொழிற்சாலைப் பயன்பாட்டுக்குரிய மெத்தனால். காவல் அலுவலர் பலர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டனர், விசாரணை சி.பி.சி.ஐ.டி. பிரிவுக்கு மாற்றப்பட்டது. விற்றவர் யார் என்பது ஓரிரு நாளில் தெரிந்துவிட்டது. அவ்வகையில் அது துப்பறியும் கதைக்கு ஏற்ற பொருளே அன்று. ஆனால், எங்கே என்ன விற்கிறது என்பது ஊரறிந்த செய்தியாக இருக்கும் இடத்தில் அதனை அறியாதிருந்தவர் யார், அறிந்தும் வாளாவிருந்தவர் யார், அவர் வாயை அடைத்தது அச்சமா, மாமூலா, மேலிடத்துச் சொல்லா, வெறும் அயர்ச்சியா என்ற வினா அன்று எழுந்தது. இவ்வினாவைத் தாங்கும் வடிவம் தமிழ்க் குற்றப்புனைவில் உண்டா என்பதே இக்கட்டுரையின் கவலை. என் விடை இது: நம் முதற்காப்பியத்தில் உண்டு, ஒரு நூற்றாண்டுத் துப்பறியும் நாவல்களில் பெரும்பாலும் இல்லை, காவல் நிலையத்து ஆவணங்களில், நாம் படிக்க மறுத்துவரும் வகையில், நிறைய உண்டு.

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக்காதையைப் பொற்கொல்லனின் வஞ்சம், பாண்டியனின் ஆராயாமை, ஊழ் என்ற மூன்று கோணங்களிலேயே நாம் வகுப்பறைகளில் கற்பிக்கிறோம். அக்காதையின் இறுதியில் வரும் காவலரைப் பற்றி எத்தனை பேர் நின்று பேசியிருக்கிறோம்? ஊடல் தணிக்க விரையும் அரசன், ஊர்காப்பாளரை அழைத்து, கள்வன் கையில் சிலம்பு இருந்தால் அவனைக் கொன்று அதனைக் கொண்டுவருமாறு ஏவுகிறான். வாய்மொழி ஆணை, எழுத்தில் ஏதுமில்லை. பொற்கொல்லன் அவர்களைக் கோவலன் இருந்த இடத்துக்கு அழைத்துச் செல்கிறான். கோவலனைக் கண்ட காவலர் தயங்குகின்றனர். இவன் தோற்றத்தைப் பார்த்தால் கொல்லத்தக்கவனாகத் தெரியவில்லையே என்கின்றனர். கதை முழுவதும் மாறியிருக்கக்கூடிய இடம் இது. அத்தயக்கம் சிறிது நேரம் நீடித்திருந்தால் மதுரை எரிந்திராது.

அத்தயக்கத்தை அழித்தது எது? ஆயுதமோ கையூட்டோ அன்று, கதை. பொற்கொல்லன் நகைத்து, கள்வரின் தொழில்நூலை விரிக்கிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று எட்டினைத் துணையாகக் கொண்டு அவர்கள் திருடுவார்கள். நல்லவன் போல் தோன்றுவதும் அவர் கலையே என்கிறான். அதாவது, குற்றமற்றவன் என்பதற்கு இருந்த ஒரே அடையாளமான தோற்றத்தையே குற்றத்தின் அடையாளமாகத் திருப்பிவிடுகிறான். பிறகு காவலருள் ஒருவன் தன் அனுபவத்தைச் சொல்கிறான். மழைக்காலத்து நள்ளிரவில் கன்னக்கோலோடும் நீல ஆடையோடும் ஒருவன் புலிபோல் வந்தான்; நான் வாளை உருவினேன்; அவனோ என் வாளையே பறித்துக்கொண்டு மறைந்தான்; இவர்கள் செயல் அறிதற்கு அரியது; அரசனோ நம்மை வருத்துவான்; செய்யத்தக்கதைச் சொல்லுங்கள் என்கிறான். அச்சொல் முடியுமுன், கல்வியறிவில்லாத, களிப்பில் மயங்கிய ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

காவற்பணியின் அறநெருக்கடியை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன வேறொரு பகுதியை நான் தமிழில் அறியேன். பழைய தோல்வியின் அவமானம், மேலிருந்து வரும் தண்டனையின் அச்சம், வல்லுநர் போல் பேசும் புகார்தாரர், முடிவெடுக்க விரும்பாத குழு, அந்த இடைவெளியில் கைநீட்டிவிடும் ஒரு முரடன். இவற்றுள் ஒன்றேனும் இன்றைய காவல் நிலையத்துக்கு அயலானதா? புகார்தாரரே கள்வன் என்பதும் கவனிக்கத்தக்கது. குற்றப்புனைவின் இலக்கணப்படி இது முதல்தரமான திருப்பம். இளங்கோவடிகளோ அதனை மறைத்து வைத்து இறுதியில் வெளிப்படுத்தவில்லை. முன்னமேயே நமக்குச் சொல்லிவிடுகிறார். குற்றவாளி யார் என்ற ஆவலை நீக்கிவிட்டு, காவலர் மனத்தில் நடப்பதை மட்டும் நாம் பார்க்கும்படி செய்கிறார்.

இத்தகைய தொடக்கம் வாய்த்த மொழியில் நவீனக் குற்றப்புனைவு எங்ஙனம் தொடங்கியது? கல்வெட்டுப் பணியாலும் நாட்டார் கதைத் தொகுப்பாலும் அறியப்பட்ட பண்டித ச.ம. நடேச சாஸ்திரி 1894இல் வெளியிட்ட நூல், தானவன் என்ற போலீஸ் நிபுணன் கண்டுபிடித்த அற்புதக் குற்றங்களைப் பற்றியது. தமிழின் முதல் துப்பறிவாளன் போலீஸ்காரன் என்பதை இங்கே அடிக்கோடிடவேண்டும். (அக்காலத்து ஆங்கில வாசகரிடையே புகழ்பெற்ற டிக் டோனவன் என்ற பெயரின் ஒலியே தானவன் ஆயிற்று என்று கருத இடமுண்டு. புராணத்துத் தானவர் அசுரர் என்பதை நோக்க, போலீசுக்கு வாய்த்த பெயர் சுவையானதே.) ஆனால் அந்தப் போலீஸ் நிபுணனுக்குத் தமிழில் உடனடி வாரிசு உருவாகவில்லை. 1908இல் ஜே.ஆர். ரங்கராஜுவின் ‘இராஜாம்பாள்’ வந்தது. துப்பறியும் கோவிந்தன் வந்தான். அதன்பின் தேவனின் சாம்பு, தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷும் வசந்தும், சுபாவின் நரேந்திரனும் வைஜெயந்தியும், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்தும் சுசீலாவும். அசட்டு அதிருஷ்டசாலியும் தனியார் துப்பறிவாளரும் வழக்கறிஞரும் இவ்வரிசையில் உள்ளனர்; நிலையத்தில் இரவுப் பாரா நின்றவர் எவருமில்லை. ராஜேஷ்குமாரின் விவேக் காவல்துறையைச் சேர்ந்தவர்தாம். எனினும் மாத இறுதியில் நிலுவை வழக்குகளின் எண்ணிக்கையைச் சொல்லி மேலதிகாரியிடம் ஏச்சு வாங்கும் நிலை அவருக்கு நேர்வதில்லை. இக்கதைகளில் ஆய்வாளர் ஒருவர் வருவார், தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைப்பார், தவறானவனைக் கைதுசெய்வார், இறுதியில் நன்றி சொல்வார்.

இது எழுத்தாளரின் கற்பனைக் குறையன்று. வாசகரின் அவநம்பிக்கையை அவர்கள் சரியாகவே படித்திருந்தனர். அவ்வவநம்பிக்கைக்கு ஆவணச் சான்று நிறைய உண்டு. சென்னை மாகாணத்தில் வரி வாங்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்யவும் வதை பயன்பட்டதை ஆராய்ந்த எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவர் குழுவின் அறிக்கை 1855இல் வெளிவந்தது. விரல்களை இடுக்கி நசுக்கும் ‘கிட்டி’ என்ற தமிழ்ச்சொல் அவ்வறிக்கையின் வழியாகவே ஆங்கில நாடாளுமன்றத்தார் அறிந்த சொல்லாயிற்று. வருவாய்த்துறையிலிருந்து காவலைப் பிரித்த 1859ஆம் ஆண்டுச் சென்னைக் காவல் சட்டம் அவ்வறிக்கைக்குப் பின் வந்தது. 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் ஒருபடி மேலே சென்று, காவல் அலுவலரிடம் அளிக்கப்படும் குற்ற ஒப்புதலைக் குற்றஞ்சாட்டப்பட்டவர்க்கு எதிராக மெய்ப்பிக்கலாகாது என்று விதித்தது. ஓர் அரசு தன் காவலரை நியமித்துவிட்டு, அவர் கேட்டெழுதிய சொல்லை நம்பாதே என்று நீதிமன்றத்துக்கும் சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் இவ்விலக்கு தொடர்கிறது. சட்டமே ஐயுறும் ஒருவரை நாவலாசிரியர் எங்ஙனம் நாயகனாக்குவார்?

எனினும் இதனால் நேர்ந்த இழப்பு பெரிது. துப்பறிவதைத் தனியாரிடமும் வழக்கறிஞரிடமும் ஒப்படைத்துவிட்ட நம் புனைவு, குற்றக் கதைகள் நாள்தோறும் எழுதப்படும் இடத்தை எட்டிப் பார்க்காமல் விட்டுவிட்டது. காவல் நிலையம் எழுத்தின் இடம். அங்குள்ள முக்கியமான பணியாளர்க்கு ‘ரைட்டர்’ என்றே பெயர். வாய்மொழியாக, அழுகையாக, பாதி மறந்ததாக, சாதியும் பகையும் கலந்து வரும் ஒரு முறையீட்டை முதல் தகவல் அறிக்கை என்ற வடிவத்துக்குள் இருத்துபவர் அவர். எதனை எடுப்பது, எதனை விடுப்பது, நேரத்தை எங்கே தொடங்குவது, எந்தப் பிரிவைச் சேர்ப்பது என்பன அவர் முடிவுகள். பல வேளைகளில் அவர் மேலதிகாரியின் முடிவுகள். ‘ஹெட் கான்ஸ்டபிள்’ என்பது மக்கள் வாயில் ‘ஏட்டு’ ஆனது. ஒலிச்சிதைவுதான், ஆயினும் ‘ஏடு’ என்னும் சொல் வேற்றுமை ஏற்கும்போது கொள்ளும் வடிவமாகவும் அது அமைந்திருப்பதை ஒரு தமிழாசிரியனால் கவனிக்காமலிருக்க இயலவில்லை.

சட்டத்தின் ஐயம் இவ்வெழுத்துக்கு ஒரு விந்தையான இலக்கணத்தையும் தந்துவிட்டது. ஒப்புதல் செல்லாது, ஆனால் ஒப்புதலின் விளைவாக ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அக்கண்டெடுப்புக்குரிய பகுதி மட்டும் செல்லும். ஆகவே ஒவ்வோர் ஒப்புதல் வாக்குமூலமும் ஒரு கண்டெடுப்பை நோக்கி நகரவேண்டியதாயிற்று. குற்றவாளி முன்னே செல்வார், காவலரும் கிராம நிர்வாக அலுவலரும் அவர் உதவியாளரும் பின்னே செல்வர், புதரில் கத்தி கிடைக்கும், மகஜர் எழுதப்படும், இருவர் கையொப்பமிடுவர். ஆயிரக்கணக்கான வழக்குகளில் இந்நடைப்பயணம் ஏறத்தாழ ஒரே சொற்களில் வருவதைக் காணும்போது, நாட்டார் கதைகளின் மாறாக் கதைக்கூறுகளைத் தொகுத்தவர்க்கு எழும் அதே வியப்பு எழுகிறது. நாளிதழ்ச் செய்திகளிலும் இவ்வாய்பாடுகள் உண்டு. வாகனச் சோதனையில் ஒருவர் மடக்கப்படுவார். முன்னுக்குப் பின் முரணாகப் பதிலளிப்பார். கிடுக்கிப்பிடி விசாரணையில் உண்மையைக் கக்குவார். கிடுக்கியும் கிட்டியும் சொற்பிறப்பால் உறவோ அல்லவோ, பொருளால் உடன்பிறந்தவை. 1855இல் வெட்கத்துக்குரியதாக இருந்தது இன்று பாராட்டுக்குரிய அடைமொழியாக நிற்கிறது. அண்மைக்காலச் சேர்க்கை ‘மாவுக்கட்டு’. தப்பியோட முயன்று வழுக்கி விழுந்தார், கை முறிந்தது என்ற வாய்பாட்டின் சுருக்கம் அது. எழுதுபவரும் படிப்பவரும் சிரித்துக்கொள்ளும் ஒரு புனைவு. இருவரும் நம்பாத புனைவு ஆவணமாகச் செல்லுபடியாவதே நெஞ்சை உறுத்துகிறது.

இப்புனைவுகளின் விலை என்ன என்பதற்கு வெகுதொலைவு போகவேண்டியதில்லை. பிரம்மதேசம் அன்றிருந்த அதே தென்னார்க்காடு மாவட்டத்தில், 1993 மார்ச்சில் முதனை கிராமத்தைச் சேர்ந்த தொழிலாளி ஒருவர் திருட்டுக் குற்றச்சாட்டின்பேரில் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அவர் தப்பியோடிவிட்டார் என்று நிலையம் எழுதியது. அவர் மனைவி அக்கதையை ஏற்கவில்லை. வழக்கறிஞராயிருந்த கே. சந்துரு உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவை நடத்தினார். தப்பியோடியதாகச் சொல்லப்பட்டவரின் உடல் அண்டை மாவட்டத்தில் அடையாளம் தெரியாத பிணமாகக் கிடைத்திருந்தது தெரியவந்தது. உயர்நீதிமன்றத்தின் தண்டனைத் தீர்ப்பு வர 2006 ஆயிற்று. த.செ. ஞானவேலின் ‘ஜெய் பீம்’ (2021) இவ்வழக்கைத் தழுவியது.

2020 ஜூன் மாதம் சாத்தான்குளத்தில் ஊரடங்கு நேரத்தை மீறிக் கடை திறந்திருந்ததாகத் தந்தையும் மகனும் பிடிக்கப்பட்டனர். அவர்கள் தரையில் உருண்டு புரண்டதால் உட்காயம் ஏற்பட்டது என்று முதல் தகவல் அறிக்கை கூறியது. இருவரும் அடுத்தடுத்து இறந்தனர். அவ்வறிக்கையின் கூற்றுக்கு முரணான காட்சி கண்காணிப்புக் கருவியில் இருந்தது. உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அந்நிலையத்தையே வருவாய்த்துறையின் பொறுப்பில் வைக்கச் செய்தது. 1859இல் பிரிக்கப்பட்ட இரண்டு துறைகளுள் ஒன்று மற்றொன்றைக் காவல் காத்த அரிய நிகழ்ச்சி அது. அந்நிலையத்தின் பெண் தலைமைக் காவலர் ஒருவர், தம் உடன்பணியாளர் சூழ நிற்க, விசாரிக்க வந்த நீதித்துறை நடுவரிடம் இரவு முழுவதும் நடந்ததைச் சொன்னார். அச்சத்தோடு சொன்னார், ஆயினும் சொன்னார். கொலைக்களக்காதையில் தயங்கிய காவலர் செய்யாததை அவர் செய்தார். தமிழ்ப் புனைவு அவரைப் பற்றி இன்னும் எழுதவில்லை என்பது எனக்கு வியப்பாக உள்ளது. கொலையுண்டவர் வீரரல்லர், கொன்றவர் அசுரருமல்லர் என்ற உலகத்தில் அவர் ஒருவரே காப்பியத் தகுதி உடையவர்.

2025 ஜூன் இறுதியில், கோவலன் கொலையுண்ட மதுரைக்கு அருகே, திருப்புவனம் வட்டாரத்து மடப்புரம் கோயிலில் காவலாளியாக இருந்த இளைஞர் ஒருவர், நகை காணாமற்போனது என்ற புகாரின்பேரில் விசாரிக்கப்பட்டு உயிரிழந்தார். மீண்டும் காணாமற்போன பொன்; மீண்டும் ஆராயுமுன் விழுந்த அடி. வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறையிடம் சென்றது. ஒப்புமையை இதற்குமேல் நீட்டுவது முறையன்று.

திரைப்படம் இலக்கியத்தை முந்திச் சென்றிருப்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். ‘தங்கப்பதக்கம்’ (1974) முதல் ‘சிங்கம்’ (2010) வரையிலான காக்கிநாயகர் வரிசையைப் பற்றி ஏற்கெனவே போதுமான அளவு எழுதப்பட்டுள்ளது. எனக்கு முக்கியமாகத் தோன்றுவது அண்மைப் படங்கள் சில. கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் தாம் குண்டூரில் பட்ட வதையை எழுதிய ‘லாக்கப்’ நூல் வெற்றிமாறனின் ‘விசாரணை’க்கு அடிப்படையானது. தமிழில் காவல் நிலையத்தின் உட்புறம் முதன்முதலில் முழுமையாக எழுதப்பட்டது அங்கே பணியாற்றியவராலன்று, அங்கே அடிபட்டவரால் என்பது சிந்திக்கத்தக்கது. அப்படத்தின் பிற்பகுதியில் வரும் ஆய்வாளர், அப்பாவிகளை விடுவிக்கும் அளவு நல்லவர். மேலிடத்து ஆணையை மறுக்கும் அளவு வலிமையற்றவர். பிராங்க்ளின் ஜேக்கப்பின் ‘ரைட்டர்’ (2021) ஓய்வை நெருங்கும் நிலைய எழுத்தர் ஒருவரை மையத்தில் வைத்தது. காவலர்க்குச் சங்கம் வேண்டும் என்று போராடுபவர் அவர். 1966ஆம் ஆண்டு உரிமைக் கட்டுப்பாட்டுச் சட்டம் காவலர்க்குச் சங்க உரிமையைக் குறுக்கியதை அறிந்தவர்க்கு அப்படத்தின் உள்ளோட்டம் எளிதில் விளங்கும். ‘டாணாக்காரன்’ (2022) காவலர் பயிற்சிப் பள்ளியைக் காட்டியது. அதன் இயக்குநர் தமிழ் முன்னாள் காவலர். அடிப்பவரை உருவாக்குமுன் அவரையே அடித்துப் பழக்கும் முறையை அங்கே காண்கிறோம்.

பணியிலிருந்தோ பணியை விட்டோ எழுதுவோர் மரபு பிற இடங்களில் வலுவானது. லாஸ் ஏஞ்சல்ஸ் காவல்துறையில் 14 ஆண்டுகள் பணியாற்றிய ஜோசப் வாம்பா, வழக்கைக் காவலர் எப்படி முடிக்கிறார் என்பதைவிட வழக்கு காவலரை என்ன செய்கிறது என்பதையே தம் நாவல்களின் பொருளாக்கினார். சுவீடனின் ஷோவால், வாலூ இணையர் 1965 முதல் 1975 வரை எழுதிய பத்து நாவல்களில் மார்ட்டின் பெக்கின் வயிற்றுவலியும் மண உறவின் சிதைவும் கொலைக்கு இணையான இடம் பெற்றன. மலையாளத்தில் ‘ஜோசப்’ (2018), ‘நாயாட்டு’ (2021) ஆகிய படங்களை எழுதிய ஷாஹி கபீர் காவலர். தமிழில் உயர்காவல் அலுவலராக இருந்து சாகித்திய அக்காதெமி விருதும் பெற்ற ஒரு புனைகதையாளர் நமக்கு உண்டு. ஆனால் திலகவதிக்கு 2005இல் அவ்விருதைப் பெற்றுத்தந்த ‘கல்மரம்’ கட்டடத் தொழிலாளரைப் பற்றியது. அதனைக் குறையாகச் சொல்லவில்லை, நல்ல பொருளே. ஆயினும் ஏட்டையாக்களிடமிருந்தும் எழுத்தர்களிடமிருந்தும் ஒரு நாவல் வராதது ஏன் என்ற கேள்வி நிற்கிறது. நடத்தை விதிகள் ஒரு காரணம். நாம் குற்றப்புனைவை ரயில் நிலையக் கடைக்குரியதென ஒதுக்கி, அத்துறையில் தீவிரமாக எழுதலாம் என்ற எண்ணமே எழாதபடி செய்தது மற்றொன்று. இது ஆய்வுக்குரிய பொருளா என்று மாணவரிடம் கேட்கும் குரலை நான் பல ஆய்வுக்குழுக் கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். ஒரு காலத்தில் நானும் கேட்டவனே.

இங்கே ஒரு வன்மையான மறுப்பு எழும். அடிப்பவனின் நெருக்கடியைப் பேசுவது அவனுக்கு மன்னிப்பு வாங்கித் தருவதாகாதா? செத்தவரின் குடும்பத்துக்கு முன் நின்று காவலரின் வேலைப்பளுவைப் பற்றிப் பேச எவர்க்கு வாய் வரும்? இம்மறுப்பை நான் இலேசாகக் கடக்க விரும்பவில்லை. மனித உரிமை இயக்கத்தார் பலர் இவ்வையத்தோடுதான் இவ்வகைப் படைப்புகளைப் பார்க்கின்றனர். அவர்கள் ஐயம் பட்டறிவிலிருந்து வருவது. திண்டிவனத்தைச் சேர்ந்த பேராசிரியர் பிரபா கல்விமணி போன்றோர் பொய் வழக்குகளில் சிக்கவைக்கப்பட்ட இருளர்க்காகப் பல ஆண்டுகள் நிலையம் நிலையமாக ஏறி இறங்கியவர்கள். தீராத திருட்டு வழக்குகளைத் தீர்க்க ஏற்ற ‘பழைய குற்றவாளி’யாக ஓர் இனத்தையே எழுதிவைத்திருந்த கதைகளை அவர்கள் ஒவ்வொன்றாக உடைக்க வேண்டியிருந்தது.

என் விடை சிலப்பதிகாரத்திலிருந்தே வருகிறது. அக்காப்பியம் காவலரின் அச்சத்தைக் காட்டுகிறது. அதனால் வாள் வீசியவனை விடுவிக்கவில்லை. அவன் குடியையும் அறியாமையையும் சொல்லி அப்பால் செல்கிறது. ஆனால் வழக்குரை காதையில் கண்ணகி எவரிடம் கேட்கிறாள்? வீசியவனிடமன்று, ஏவியவனிடம். உயிர் விடுபவனும் ஏவியவனே. இக்காலத்து வழக்குகளில் நிகழ்வது பெரும்பாலும் இதன் தலைகீழ். காவலரும் உதவி ஆய்வாளரும் ஆய்வாளரும் கூண்டேறுகின்றனர். வாய்மொழியாக வந்த ஆணை வந்த வழியிலேயே காற்றில் கரைந்துவிடுகிறது. நெருக்கடியை எழுதாத புனைவு இக்கரைதலுக்குத் துணைபோகிறது. அடித்தவனைக் கொடியவனாக மட்டும் காட்டிவிட்டால், அவன் கைக்குப் பின்னால் இருந்த தொலைபேசியைப் பற்றி எவரும் கேட்கமாட்டார். மோதல் கொலைக்கு மறுநாள் இனிப்பு வழங்கிய நம் தெருக்களையும் எவரும் கேட்கமாட்டார். அதே வேளை, காவலர்க்கு நெருக்கடி என்று எழுதுபவர் அதே பக்கத்தில் அடிபட்டவரின் உடலையும் எழுதவேண்டும். ‘விசாரணை’யின் வலிமை அதுவே. முதற்பாதி இல்லாமல் பிற்பாதி மட்டும் வந்திருந்தால் நானும் மறுப்பாளரோடு சேர்ந்திருப்பேன்.

தமிழ்த்துறைகள் செய்யக்கூடிய பணி ஒன்று கைக்கெட்டும் தொலைவில் உள்ளது. தீர்ப்புகள் பொதுவில் கிடைக்கின்றன. அவற்றுள் முதல் தகவல் அறிக்கையின் சுருக்கமும் மகஜரின் வாசகமும் சாட்சிகளின் குறுக்கு விசாரணையும் பதிவாகியுள்ளன. கதைக்கூறு ஆய்விலும் மொழிநடை ஆய்விலும் பயின்ற நம் மாணவர் இவற்றைப் படித்தால், எந்தச் சொல் அமைந்த இடத்தில் பொய் தொடங்குகிறது என்பதைச் சட்டம் பயின்றவரினும் விரைவில் காண்பர். ‘டாணா’, ‘பாரா’, ‘மாமூல்’, ‘மகஜர்’, ‘லாடம் கட்டுதல்’ என நிலையத்தின் சொற்களுக்குத் தனி அகராதி இன்னும் நம்மிடம் இல்லை. அரபு வழியில் வந்து வழக்கம் என்று மட்டும் பொருள்பட்ட ‘மாமூல்’ எப்படிக் கையூட்டின் பெயராயிற்று என்பதை ஒருவர் ஆராய்ந்தால், 2023 மே மாதத்து வினாவுக்கும் அங்கே ஒரு பகுதி விடை இருக்கும். எது வழக்கமோ அது குற்றமாகத் தோன்றுவதில்லை. அவ்வாறு தோன்றாத நிலையை எழுதவே நாவல் வேண்டியிருக்கிறது. அறிக்கையால் அது இயலாது.

அந்நாவலின் களமாகப் பிரம்மதேசத்தை நான் மனத்தில் கண்டு பார்ப்பதுண்டு. கோடையில் உப்பு வாரும் காலம். எழுத்தர் ஒருவர் மேசையில் அமர்ந்திருக்கிறார். எதிரே ஒரு பெண். கணவன் குடித்துவிட்டுக் கண் தெரியவில்லை என்று இரவில் கத்தியதைச் சொல்கிறாள். எங்கே வாங்கினான் என்று அவர் கேட்கவேண்டும். இடத்தை அவர் அறிவார். அவள் சொல்லிவிடுவாளோ என்றும் அஞ்சுகிறார். அவள் சொல்லிவிடுகிறாள். பேனா தாளின்மேல் நிற்கிறது.